சூடானுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டவர்களுக்கு: நான்கு வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா, சவுதி அரேபியா, எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய உங்கள் நான்கு நாடுகளும் சேர்ந்து 2025 செப்டம்பர் 12 அன்று சூடான் போர் பற்றி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நாம் எழுதி என்ன ஆகிவிடப்போகிறது என்று தள்ளிப்போட்டும் வந்தேன். கடைசியில் என்னை உட்கார வைத்தது புண்ணாக்கு.

திண்டிவனம் பக்கம் எங்கள் வீட்டில் செக்கு இருந்தது. கடலையை ஆட்டி எண்ணெயை வடித்த பிறகு உரலின் உள்பக்கம் கெட்டியாக ஒட்டியிருக்கும் சக்கையை அப்பா கடப்பாரையால் நெம்பி எடுப்பார். சூடு ஆறுவதற்குள் எங்களுக்கு ஒரு விள்ளல் உடைத்துத் தருவார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தின்போம். பிள்ளைகளுக்கு அது தீனி. மற்றபடி புண்ணாக்கு மாட்டுக்குத்தான். ராத்திரியே தொட்டியில் ஊறப்போட்டு, விடிந்ததும் தவிடு சேர்த்துக் கலக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிட்டால் அதை மாட்டுக்கும் வைக்கக் கூடாது என்று அம்மா குப்பையில் கொட்டிவிடுவார்.

சூடானின் மேற்கே உள்ள டார்ஃபர் பகுதியின் எல் ஃபாஷர் நகரில் இதற்கு ‘அம்பாஸ்’ என்று பெயர். அங்கும் அது கால்நடைத் தீவனம்தான். ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப்படை அந்த ஊரை 500 நாளுக்கு மேல் முற்றுகையிட்டது. சுற்றிலும் மண்மேடு எழுப்பி, உணவு லாரி எதுவும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டது. அப்போது ஊருக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டது அம்பாஸ். பிறகு அதற்கும் தட்டுப்பாடு வந்தது. உலகத்தில் நிலக்கடலை அதிகம் விளையும் நாடுகளில் சூடானும் ஒன்று. செக்குக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது எப்படி உறுத்தாமல் இருக்கும்?

2025 அக்டோபர் 26 அன்று நகரம் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. அங்கிருந்த சவுதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடன் இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தரையில் தெரிந்த சிவப்புத் திட்டுகள் ரத்தமாக இருக்கலாம் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். எதிர்த்தரப்பான ராணுவமும் யோக்கியமில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வட டார்ஃபரின் டோரா என்ற இடத்தில் சந்தை நாளன்று, கூட்டத்தின் மேலேயே அதன் விமானம் குண்டு போட்டது.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் இங்கே டீக்கடையில்கூட ஒரு விவாதம் கிளம்பும். அடுத்த நாட்டு உள்நாட்டுப் போரில் வெளியார் தலையிடலாமா, கூடாதா? கூடாது என்பவர்கள் லிபியாவைக் காட்டுவார்கள். 2011 மார்ச்சில் பொதுமக்களைக் காக்க என்று ஐ.நா. பாதுகாப்பு சபை 1973-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்போது சபையில் உறுப்பினராக இருந்த இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. மக்களைக் காக்கப் போன விமானங்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பின. லிபியா இன்னும் இரண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. தமிழர்களுக்கு லிபியா வரை போகவும் தேவையில்லை. 1987-இல் யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்கப்பட்ட ‘அமைதி காக்கும் படை’ மூன்று மாதத்துக்குள் அதே ஊரில் சண்டை போட்டது. தலையிட வேண்டும் என்பவர்கள் ருவாண்டாவைச் சொல்வார்கள். 1994-இல் அங்கே இனப்படுகொலை நடந்தபோது உலகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதே, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு, அதனால் விவாதம் முடியாது.

ஆனால் சூடானைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே இது காலம் கடந்த கேள்வி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.

2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் சண்டை மூண்டபோது அது இரண்டு தளபதிகளின் சண்டை. ராணுவத்துக்கு அப்தெல் ஃபத்தா அல் புர்ஹான், ஆர்.எஸ்.எஃப்.புக்கு ‘ஹெமெட்டி’ என்ற முகமது ஹம்தான் தகலோ. 2021-இல் கூட்டாகச் சேர்ந்து மக்களாட்சிக்கான ஏற்பாட்டைக் கவிழ்த்தவர்கள்தான் இருவரும். கையிருப்பை மட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் எத்தனை மாதம் சண்டை போட்டிருக்க முடியும்? ராணுவத்துக்கு எகிப்தின் ஆதரவு. ஈரானிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ட்ரோன்கள். ஆர்.எஸ்.எஃப். பக்கம் கொலம்பியாவிலிருந்து கூலிப்படை ஆட்கள். சாட் நாட்டின் அம்ஜராஸ் விமான நிலையம் வழியாக அமீரகம் அவர்களுக்கு ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியிலேயே எழுதியது. டார்ஃபரில் கிடைத்த பல்கேரிய மோர்ட்டார் குண்டுகளைப் பற்றிக் கேட்டபோது, அமீரகத்துக்குத்தான் விற்றோம், வேறு யாருக்கும் கொடுக்க அனுமதி தரவில்லை என்றது பல்கேரியா. அமீரகம் எல்லாவற்றையும் மறுக்கிறது. அந்த மறுப்பையும் சேர்த்தே இங்கே பதிவு செய்கிறேன்.

உங்கள் கூட்டறிக்கையிலேயே, வெளியிலிருந்து வரும் ராணுவ உதவி போரைக் கூர்மையாக்குகிறது, நீட்டிக்கிறது, அது நின்றால்தான் போர் முடியும் என்ற கருத்து இருக்கிறது. அதில் அமீரகமும் கையெழுத்திட்டிருக்கிறது, எகிப்தும் கையெழுத்திட்டிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சரி, கையெழுத்துப் போட்டதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அடுத்தது தங்கம். இதில் எங்கள் வீடும் சேர்த்தி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூடானின் தங்கம் பெரும்பாலும் துபாய்க்குத்தான் வருகிறது. ஆர்.எஸ்.எஃப். பிடியில் உள்ள சுரங்கத்துத் தங்கம் கடத்தலாக வருகிறது. ராணுவத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து முறையாக ஏற்றுமதியாவதும் பெரும்பகுதி அங்கேயே வந்திருக்கிறது. எதிரெதிரே நின்று சுடுகிறவர்கள் ஒரே சந்தையில் சரக்கை விற்றுத் தோட்டா வாங்குகிறார்கள். என் மைத்துனர் பதினான்கு வருடமாக துபாயில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே தேரா நகைச்சந்தையில் ஏதாவது ஒரு நகை எடுத்துக்கொண்டு வருவார். போன முறை என் மகளுக்கு ஒரு செயின். அதைக் கையில் வாங்கிக் கொக்கியைத் திருப்பிப் பார்த்தேன், 916 என்று பொடி எழுத்தில் முத்திரை. தரத்தைச் சொல்லும், எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று சொல்லாது. உருக்கிக் கலந்த பிறகு எந்தப் பொற்கொல்லராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் உருக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். விமான நிலையத்தில் கேட்க வேண்டும், சுத்திகரிப்பு ஆலையின் வாசலில் கேட்க வேண்டும். அங்கே கேட்கும் அதிகாரம் அமீரகத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. செயினைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

டார்ஃபருக்கு ஐ.நா.வின் ஆயுதத் தடை 2004-இலிருந்தே இருக்கிறது, இப்போதெல்லாம் வருடா வருடம் நீட்டிக்கிறார்கள். டார்ஃபருக்கு மட்டும்! ராணுவத்தின் பிடியில் உள்ள போர்ட் சூடான் துறைமுகத்தில் இறக்கினால் தடை கிடையாது. அதை நாடு முழுவதற்கும் விரிக்கச் சொல்லிப் பாதுகாப்பு சபையில் வற்புறுத்த வேண்டிய முதல் ஆள் அமெரிக்கா. ஆர்.எஸ்.எஃப். செய்தது இனப்படுகொலை என்று 2025 ஜனவரியில் அறிவித்தது அமெரிக்காதானே? அந்த அறிவிப்போடு சேர்ந்து தடைப்பட்டியலில் ஏறிய ஏழு கம்பெனிகள் அமீரகத்தில் இயங்கியவை. அந்த அமீரகத்தோடு இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு உட்காருங்கள்.

படை அனுப்பலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, மறைக்க விரும்பவில்லை. டார்ஃபரில் 2007-இல் தீர்மானிக்கப்பட்ட ஐ.நா., ஆப்பிரிக்க ஒன்றியக் கூட்டுப்படை இருந்தது. பெரும்பாலான காலம் அதன் தலைமையகம் எல் ஃபாஷர்தான். 2020 டிசம்பர் 31 அன்று அதன் பணி முடித்துவைக்கப்பட்டது. இருந்த காலத்திலும் அது பெரிதாக எதையும் தடுத்துவிடவில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அது பெருமளவு உண்மை. ஆனாலும் அது அங்கே நின்றிருந்தால் அந்த மருத்துவமனைக்குள் அவ்வளவு சுலபமாக நுழைந்திருப்பார்களா? மக்களைக் காக்க ஒரு நடுநிலைப் படை வேண்டும் என்று ஐ.நா.வின் உண்மை கண்டறியும் குழு 2024 செப்டம்பரில் சொன்னது. சூடான் அரசு மறுத்தது. அதற்கான சூழல் இல்லை என்று ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த குட்டெரெஸும் அடுத்த மாதம் சொன்னார். நவம்பரில் போர்நிறுத்தம் கேட்டு வந்த தீர்மானத்துக்கே, மற்ற 14 நாடுகளும் கைதூக்கியும், ரஷ்யா வீட்டோ போட்டது. ஆக, நல்ல படை வருமா என்று ஏங்குவதில் அர்த்தமில்லை. கெட்ட சரக்கை நிறுத்துவதற்கு யாருடைய வாக்கும் தேவையில்லை. உங்கள் நாட்டில் நீங்களே உத்தரவு போட்டால் போதும். அதனால் முதலில் அதையே கேட்கிறேன்.

அப்புறம் சமையற்கூடங்கள். அரசாங்கம் காணாமல் போன ஊர்களில் சூடான் இளைஞர்கள் ‘அவசர உதவி அறைகள்’ என்று தொடங்கினார்கள். தெருவில் பெரிய அண்டா வைத்துப் பருப்பும் அவரையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர் வெள்ளத்தின்போது பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டுவோமே, அப்படித்தான். ஆனால் நமக்கு மேலிருந்து மழைதான் விழுந்தது, அவர்களுக்குக் குண்டு விழுகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் அணைந்துபோயின. அதற்கு ஆகும் செலவு உங்களில் யாருக்கும் ஒரு ட்ரோன் கணக்கில்கூட வராது. பணத்தைக் குழுக்களின் கையில் நேராகக் கொடுங்கள். புர்ஹான் ஆட்கள் கையிலோ ஹெமெட்டி ஆட்கள் கையிலோ கொடுத்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

சவுதி அமைச்சருக்கு மட்டும் தனியாக ஒரு வரி. 2023 மே மாதம் உங்கள் ஜெத்தாவில்தான், பொதுமக்களைக் காப்போம் என்று இரண்டு தரப்பும் கையெழுத்திட்டன. காகிதம் உங்களிடம்தான் இருக்கிறது. இருவரும் அதை எத்தனை முறை மீறினார்கள் என்ற கணக்கை அடுத்த கூட்டத்துக்கு முன் வெளியிடுங்கள். கூடவே, போர் தொடங்கிய நாளிலிருந்து அம்ஜராஸிலும் போர்ட் சூடானிலும் இறங்கிய சரக்கு விமானங்களின் பட்டியலையும் மற்ற மூவரிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
செக்குக்காரர் மகன் ஒருவன்
திண்டிவனம்