உள்ளங்கையில் சுட்ட காசு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். சகோதரிக்கு மார்பில் கட்டி என்று படித்ததும் மனம் கலங்கிவிட்டது. வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைத்த சுவாமி, நீங்கள் வாய் திறக்கும் முன்பே அவர்களுடைய நோயைச் சொன்னதையும், "கத்தி படக்கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறியதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கண்டதையும் கேளுங்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் தம்பி இறந்த ஆறாம் மாதம், எங்கள் ஊருக்கு வந்திருந்த ஒரு சாமியாரிடம் அம்மா என்னை அழைத்துப் போனார். அவர் ஓர் அலுமினிய ஐந்து பைசாவை எடுத்து, விரலால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளச் சொன்னார். சற்று நேரத்தில் காசு சூடேறியது. பொறுக்க முடியாமல் கையை விரித்தபோது காசின்மேல் சாம்பல் நிறத்தில் பொடி பூத்திருந்தது. "தம்பி நல்ல இடத்தில் இருக்கிறான்" என்றார். அம்மா அங்கேயே விழுந்து வணங்கினார்; நானும் தேம்பி அழுதேன்.

அப்போது நான் வேதியியல் ஆசிரியராகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டு மருந்துக்கடையில் வீரம் என்று சொல்லும் மெர்க்குரிக் குளோரைடு ஈரத்தோடு பட்டால் அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து, உலோகம் காற்றில் விரைவாக ஆக்சைடாகிச் சூட்டையும் பொடியையும் தரும் என்பதை வகுப்பில் நானே விளக்கியிருக்கிறேன். துக்கத்தில் இருந்தவனுக்கு அது நினைவுக்கே வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஆய்வகத்தில் அதேபோல் ஒரு காசில் செய்து பார்த்தேன். அதே சூடு, அதே பொடி. பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன், ஏனென்றால் அம்மா அந்தப் பொடியைக் கிண்ணத்தில் வைத்து நெற்றியில் இட்டுக்கொண்டிருந்தார். அது பாதரசம் கலந்த நஞ்சு. அதைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவி, கோயில் விபூதியை நிரப்பி வைத்தேன். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

நீங்கள் கண்ட விபூதிக்கும் ஒரு வழி உண்டு. கஞ்சி விட்டுப் பிசைந்து உலர்த்திய உருண்டையை விரலிடுக்கில் ஒளித்து வைத்து, கையைச் சுழற்றும்போது நொறுக்குவார்கள், பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் இத்தகைய வித்தைகளை ஊர் ஊராகச் செய்து காட்டினார். நோயைச் சொன்னது எப்படி என்கிறீர்களா? வரிசையில் தண்ணீர் கொடுத்த தொண்டர் "எந்த ஊர், என்ன குறை" என்று அன்பாக விசாரித்ததாக உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

இதனால் எல்லாப் பெரியவர்களையும் ஒரே தராசில் நிறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமண மகரிஷி திருவண்ணாமலையில் உடலை நீத்தபோது, ஒளி ஒன்று வானில் மெல்ல நகர்ந்து மலையை நோக்கிப் போனதைப் பலர் பார்த்தார்கள். அப்போது அங்கிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோனும் அவர்களில் ஒருவர். அதை விளக்க நான் முயலவில்லை. நினைக்கும்போது கைகூப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒளியைவிட அவருடைய இடது கைதான் எனக்குப் பெரிது. அதில் புற்றுக்கட்டி வந்தபோது, தம் சக்தியால் தாமே குணப்படுத்திக்கொள்ளும்படி அடியார்கள் மன்றாடினார்கள். அவர் அதைச் செய்யவில்லை. கையையே எடுத்துவிடலாம் என்றபோது இசையாதவர், 1949இல் மட்டும் நான்கு முறை மருத்துவர்களிடம் அந்தக் கையை நீட்டினார். சித்திகளையெல்லாம் கனவில் காணும் சித்திகள் என்று பாடியவரே கத்தியை விலக்கவில்லை; உங்கள் சுவாமி எந்தத் துணிவில் விலக்கச் சொல்கிறார்?

கோபத்தில் கேட்கிறேன், மன்னியுங்கள். சகோதரியின் கட்டி சாதாரணமானதாகவும் இருக்கலாம். ஆனால் சதையை எடுத்துச் சோதித்தால்தான் அது தெரியும். திங்கட்கிழமை பயாப்சிக்கு மருத்துவர் நேரம் கொடுத்திருந்தாரே, அதை ரத்து செய்யாதீர்கள். ஞாயிறு இரவே நான் வந்துவிடுகிறேன், சேர்ந்தே போவோம். ஸ்கேன் படங்களையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். சுவாமி தந்த விபூதியை அவர்கள் விரும்பினால் வைத்திருக்கட்டும். வாயில் மட்டும் போட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்