முதல் படி வெறும் சம்பிரதாயம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் எல்லா இயல் எண்களுக்கும் ஒரு கூற்று உண்மை என்று நிறுவும் முறையான கணிதத் தொகுத்தறிதலைப் பற்றி வெளியான கட்டுரையை, பதினோராம் வகுப்பில் அந்தப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். நடை எளிமையாக இருந்தது. ஆனால் பல எண்களுக்குச் சரிபார்த்து அதிலிருந்து பொதுவிதியை எட்டும் முறை என்று அதில் தரப்பட்டிருக்கும் விளக்கம் தவறானது. தர்க்கவியலில் தொகுத்தறிதல் என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பை நம்பி ஏமாந்தவர்களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் ஒருவர். 3, 5, 17, 257, 65,537 என, ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து வர்க்கப்படுத்தி மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும் வரிசையில், முதல் ஐந்தும் பகா எண்களாக இருக்கக் கண்டு, எல்லாமே அப்படித்தான் என்று அவர் கருதினார். ஆறாவது எண்ணான 429,49,67,297 என்பதை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732இல் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார்.

தொகுத்தறிதலில் நிறுவப்படுவது, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்லும் வழி. முதல் எண்ணுக்கும் கூற்று உண்மை என்று காட்டிவிட்டால், அந்த வழியாக ஒவ்வொன்றாக எல்லா எண்களுக்கும் அது உண்மையாகும். ஒன்றில் தொடங்கி வரிசையாக ஒற்றை எண்களைக் கூட்டினால், கூட்டிய எண்களின் எண்ணிக்கையின் வர்க்கம் கிடைக்கும் என்பதை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஓர் எண்ணிக்கைக்கு இது உண்மையானால், அடுத்துச் சேரும் ஒற்றை எண் அந்த எண்ணிக்கையின் இருமடங்கைவிட ஒன்று கூடுதல். அதை வர்க்கத்தோடு சேர்த்தால் அடுத்த எண்ணிக்கையின் வர்க்கமே வருகிறது. "நிறுவ வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொள்கிறீர்களே, ஐயா?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்விதான். எல்லா எண்களுக்கும் உண்மை என்று நாம் கொள்வதில்லை. ஏதேனும் ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மையாகுமா என்றே பார்க்கிறோம்.

முதல் எண்ணுக்குச் சரிபார்ப்பது சம்பிரதாயம் என்று கட்டுரையாளர் ஒதுக்கியிருப்பதே எனக்கு மிகுந்த வருத்தம். ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் ஒற்றை எண் வரும் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எண்ணுக்கு நகரும்போது கூட்டுத்தொகை அந்த அடுத்த எண்ணின் இருமடங்கு அளவே உயர்வதால், முன்பு ஒற்றையாக இருந்தது பின்பும் ஒற்றையாகவே இருக்கும். இந்தப் படியில் பிழையே இல்லை. ஆனால் ஒன்றையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் இரண்டு. அந்தக் கூற்று எந்த எண்ணுக்கும் பொருந்தாது. 1654இல் எழுதிய நூலில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் இந்த முறையைக் கையாண்டபோது, கூற்று தொடங்கும் இடத்தில் அது உண்மை என்பதைத் தனியாகவே எடுத்துச் சொன்னார்.

அடுத்த இதழில் இவ்விரண்டையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.