பழைய கூட்ஸ் வேகன் வாங்குமுன்

தென்காசி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே சாரல் தொடங்கிவிட்டது, எல்லாரும் சுகம். மதினியைக் கேட்டதாகச் சொல்.

பழைய எச்ஓ (அசலில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் கூட்ஸ் வேகன்களை மொத்தமாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எடுக்கலாம். ஆனால் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதே லே, வேகனைக் கவிழ்த்துவைத்து எடுத்த படம் கேள். பழைய மாடல்களில் அடிச்சட்டமோ எடைக்கட்டியோ துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கும். வார்த்தபோது அதில் ஈயம் கலந்திருந்தால் நாளாக ஆக உள்ளுக்குள்ளேயே அரித்து, ஊதி, வெடித்துவிடும். ஈரக்காற்றில் இன்னும் வேகம். மயிரிழை விரிசலோ வளைந்த சட்டமோ கண்ணில் பட்டால் தொடாதே, அதற்கு மருந்து கிடையாது. பிளாஸ்டிக் சக்கரம், உடைந்த கப்ளர் (வேகன்களை இணைக்கும் கொக்கி) எல்லாம் ஒரு குறையே இல்லை. எப்படியும் மாற்றத்தானே போகிறாய்.

கைக்கு வந்ததும் முதல் வேலை சக்கரம். உலோகத்தில் போடு, பிளாஸ்டிக் சக்கரத்தில் அழுக்கு சீக்கிரம் அப்பும். அச்சின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடினால் போகியின் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் வண்டியின்) பக்கச்சட்டம் பிதுங்கிச் சக்கரம் இறுகும், குறைந்தால் வேகன் ஆடும். பழைய அச்சை வெர்னியரில் அளந்து அதே நீளத்தில் வாங்கு. நீ நினைத்திருக்கும் தூத்துக்குடி நிலக்கரி ரேக்குக்கு (வேகன் வரிசைக்கு) பாக்ஸ்என் என்கிற திறந்த நிலக்கரி வேகன் வேண்டும். அதன் அசல் சக்கரம் 1000 மி.மீ., எச்ஓ அளவில் 11.5 மி.மீ. கடையில் கிடைக்கும் அமெரிக்க 36 அங்குலச் சக்கரம் 10.5 மி.மீ. தான் வரும். அதைப் போட்டால் வேகன் அரை மி.மீ. தாழ்ந்து கப்ளரும் இறங்கிவிடும். போகிக்கு மேல் அரை மி.மீ. வாஷர் வைத்து, கப்ளர் செய்யும் கேடி கம்பெனியின் உயர கேஜில் சரிபார். ஒரு போகியின் திருகை, போகி பக்கவாட்டில் சாயாமல் திரும்ப மட்டும் விடுகிற அளவுக்கு முறுக்கு. மற்றதைக் கொஞ்சம் தளர்த்து. இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கினால் தண்டவாளத்தின் சின்ன மேடுபள்ளத்துக்கே ஒரு சக்கரம் தூக்கும், பாயின்டில் (பாதை பிரியும் இடத்தில்) ஏறி விழும்.

அடுத்தது எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் கணக்கு எச்ஓவுக்கு 1 அவுன்ஸ், அதோடு உடல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். பாக்ஸ்என் உடல் 9784 மி.மீ., மாடலில் 112 மி.மீ., அதாவது 4.4 அங்குலம். ஆக 3.2 அவுன்ஸ், ஏறத்தாழ 91 கிராம். எடை குறைந்த வேகனை ரேக்கின் நடுவில் போட்டால் வளைவில் உள்பக்கம் இழுபட்டுக் கவிழும். திறந்த வேகனில் எடை வைக்க இடமிருக்காது, நிலக்கரி லோடுக்கு அடியில்தான் மறைக்கவேண்டும். அங்கேதான் கவனம்: ஈயக் குண்டுகளை ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் ஒட்டாதே. ஈயம் அதோடு வினைபுரிந்து பூத்து, வருஷம் போகப்போக உப்பி, வேகனின் பக்கத்தையே பிளந்துவிடும். எபாக்சியில் ஒட்டு. டயர் கடையில் விற்கும் ஒட்டு வெயிட் வசதிதான், ஆனால் இப்போது பல இரும்பில் வருகின்றன. தண்டவாளத்துக்கடியில் கப்ளர் கழற்றும் காந்தம் வைத்திருந்தால் வேகன் தானாக அதை நோக்கி நகரும். இரும்பு அச்சிலும் அதே தொல்லை. மேல்நிலக்கரியை நீர்த்த பசையில் ஒட்டலாம், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் நன்றாக இறங்கும்.

நம் அகலப்பாதை 1676 மி.மீ. எச்ஓவில் 19.3 வரவேண்டியது, நாம் ஓட்டுவதோ 16.5. முன்னாலிருந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும். அந்தக் காலத்துச் செங்கோட்டை மீட்டர் கேஜ் (1000 மி.மீ. பாதை) செய்தால், வரவேண்டிய 11.5-க்கு 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது, எனக்கு அதில்தான் மனசு.

வேகன் எண்ணை இஷ்டத்துக்கு எழுதாதே. பதினோரு இலக்கம்: வகை இரண்டு, ரயில்வே இரண்டு (தெற்கு ரயில்வே 06), கட்டிய வருஷம் இரண்டு, தனி எண் நான்கு, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். 10 06 12 1234 என்று வைத்துக்கொள். இரட்டை இடத்து இலக்கங்கள் 0, 6, 2, 2, 4 கூட்டினால் 14, மூன்றால் பெருக்கினால் 42. ஒற்றை இடத்தவை கூடி 6. மொத்தம் 48, ஐம்பதாக 2 வேண்டும். அந்த 2-தான் கடைசி இலக்கம்.

பெட்டிக்குள் பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் வந்த அன்றே எடுத்து எறி. அது உளுத்து, பிசுபிசுத்து பெயின்ட்டில் ஒட்டும். அமிலமில்லாத டிஷ்யூ தாளில் சுற்றி வை.

கவிழ்த்த படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
முருகையா