பொம்மைக்கு ஒரு குரல் வேண்டும்: ஸ்கில் லேப் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நர்சிங் கல்லூரிகளில் ஸ்கில் லேப் வகுப்பு எடுக்கும் மேடம்களுக்கும் சார்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் மாணவப் பிள்ளைகள் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு வந்தால் முதலில் வந்து நிற்பது எங்கள் மேசை முன்னால்தான். பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் உங்கள் லேபில், நோயாளிக்குச் செய்ய வேண்டிய எல்லா புரொசீஜரையும் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ரெக்கார்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் கட்டிலருகே போனதும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. பயமா என்று கேட்டால், "பயமில்ல சிஸ்டர், என்ன பேசுறதுன்னு தெரியல" என்கிறார்கள். அப்புறம் டீ நேரத்தில் லேப் கதைகள் வெளியே வரும். பொம்மையிடம் பேசும்போது சிரிப்பு வந்தது, மேடம் வெளியே நிற்க வைத்துவிட்டார், மொத்த பேட்சும் பார்த்துக்கொண்டிருந்தது, இப்படி.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது அலட்சியம் இல்லை. கேட்டதற்குப் பதில் வராத இடத்தில் பேச வைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நீங்களே கவனித்திருப்பீர்கள். அதே பிள்ளைகள், நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் சி.பி.ஆர். பழகும் பொம்மை முன்னால் மண்டியிட்டால், முதல் நிமிஷத்துக்கு அப்புறம் யாரும் சிரிப்பதில்லை. ஷாலை இழுத்துக் கட்டிக்கொண்டு, சத்தமாக எண்ணிக்கொண்டு, வியர்க்க வியர்க்க அமுக்குகிறார்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். சரியாக அமுங்கினால் பல பொம்மைகளில் 'க்ளிக்' கேட்கும், ஊதினால் நெஞ்சு எழும். பார்க்க அது ஒன்றும் நிஜ உடம்பு மாதிரி இல்லை. பல பொம்மைகளுக்குக் கைகாலே கிடையாது. 1960-ல் நார்வேயைச் சேர்ந்த ஆஸ்முண்ட் லேர்டல் என்ற விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் கொண்டுவந்த வகை அது. ஆனாலும் கூச்சம் போய்விடுகிறது. செய்ததற்கு உடனே பதில் வருகிறதே!

பெட் பாத், அதாவது படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடப் பழகும் பொம்மையிடம் அந்தப் பதில் இல்லை. அந்த அறையில் பதில் சொல்லும் ஒரே ஆள், கையில் செக்லிஸ்ட்டோடு நிற்கும் நீங்கள்தான். அதனால் பிள்ளைகள் பொம்மையைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். "குட் மார்னிங், ஐ ஆம் யுவர் ஸ்டூடண்ட் நர்ஸ், ஐ ஆம் கோயிங் டு..." என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். 'விளக்கிச் சொன்னாரா' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுகிறது. அதே பிள்ளை எங்கள் வார்டுக்கு வந்து, கால் புண்ணோடு படுத்திருக்கும் ஒரு கிழவியிடம், "பாட்டி, கட்டைப் பிரிக்கப் போறேன், கொஞ்சம் வலிக்கும், கையைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தை அவள் லேபில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. தேர்வு ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. பழகும்போதாவது நோயாளி பேசும் பேச்சில் பழகட்டும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. மேனிகின் என்ற பயிற்சிப் பொம்மையின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, வாட்சைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "பல்ஸ் செவன்ட்டி டூ மேம்" என்கிறாள் மாணவி. அடுத்தவளுக்கும் 72. மூச்சு எல்லோருக்கும் 18. பி.பி. 120/80. துடிப்பு வைத்த மேனிகின் இருக்கும் லேப் தப்பித்தது. மற்ற இடங்களில், துடிக்காத கையில் 72 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் பிள்ளைக்கு வரும் கூச்சம் ரொம்ப நியாயமானது என்பேன். பொய் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளையை, வெட்கப்படாமல் சொல்லு என்று நாமே பழக்குகிறோம். பலன் வார்டு சார்ட்டில் தெரியும். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள், 18, 20, 18, 20 என்று கோலம் போட்ட மாதிரி போகும். எங்கள் வார்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் ஒன்று மூச்சு. எண்ணாமல் எழுதும் பழக்கம் வரவே கூடாத இடம் அது.

இதற்கு லட்சக்கணக்கில் மெஷின் வேண்டாம். சின்னச் சின்னச் சீட்டுகள் போதும். விரல் சரியான இடத்தில் இருக்கிறது, முழு நிமிஷமும் எடுத்தாள் என்றால் மட்டும் ஒரு சீட்டை நீட்டுங்கள்: 'நாடி 116, சீராக இல்லை.' மூச்சுக்கு இன்னொன்று: '28.' அரை நிமிஷத்தில் கையை எடுத்துவிட்டால் சீட்டு கிடையாது. 28 என்று பார்த்ததும் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். தலைமாட்டை உயர்த்துகிறாளா, உங்களைக் கூப்பிடுகிறாளா, இல்லை செக்லிஸ்ட்டின் அடுத்த வரிக்குப் போகிறாளா? அந்த நொடியிலிருந்து அவள் பொம்மையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்தது குரல். ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்று நீங்களே பேசலாம். "ஏம்மா, ஊசி வேணாம், மாத்திரையாக் குடுத்துரு." "நேத்து வந்த பொண்ணு ரெண்டு தடவ குத்திருச்சு." முதல் ஐந்து நிமிஷம் எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள், சரி. அப்புறம் பாருங்கள், பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில் பிள்ளை பேசிவிடுவாள். இன்னும் ஒரு யோசனை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வார்டு ஆயாம்மா ஒருவரைக் கூப்பிட்டு, உரிய சம்பளம் கொடுத்து, நோயாளியாகப் படுக்கச் சொல்லுங்கள். நோயாளிகள் எப்படி முனகுவார்கள், எப்போது பொய் சொல்வார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. ஆளை நோயாளியாக நடிக்க வைத்துக் கற்பிப்பதை ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டார்.

சிலர் தோழியையே நோயாளியாகப் படுக்க வைக்கிறீர்கள். பி.பி. பார்க்க, ஊட்டிவிட, சக்கர நாற்காலிக்கு மாற்ற, இது பொம்மையைவிட எவ்வளவோ மேல். படுத்திருப்பவளுக்குத்தான் உண்மையில் பெரிய பாடம் கிடைக்கிறது. தலைக்கு மேலே இரண்டு பேர் அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பக்கமாகப் புரட்டும்போது கட்டிலிலிருந்து விழுந்துவிடுவோமோ என்று வயிறு பகீரென்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் எதிர்த்துப் பேசாத அதே பெண்ணைப் படுக்க வைக்காதீர்கள். விருப்பமா என்று கேளுங்கள், மாட்டேன் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். துணி விலக்க வேண்டிய எதையும் தோழி மேல் செய்ய வைக்கக் கூடாது.

அந்தரங்க உறுப்பு சம்பந்தப்பட்ட புரொசீஜர்கள் தனிக் கதை. சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய் போடப் பழகும் மாடலை மேசைமேல் வைத்ததும், பையன்களும் பெண்களும் கலந்த வகுப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சிரிப்புக்குத் திட்டினால் அது உள்ளே போய் நடுக்கமாக வெளிவரும், கிருமி நீக்கிய ஸ்டெரைல் கிளவுஸ் மேசை விளிம்பில் படும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "சிரிப்பு வரும், எல்லா பேட்சுக்கும் வந்ததுதான், இப்பவே சிரிச்சு முடிங்க." அப்புறம் மாடல்மேல் ஒரு போர்வையைப் போட்டு, ஸ்கிரீனை இழுத்து, தேவையான அளவு மட்டும் விலக்கச் சொல்லுங்கள். உள்ளே மூன்று நான்கு பேர் போதும். நாற்பது பேர் சுற்றி நிற்க ஒரு பிள்ளை கதீட்டர் போடும் நிலைமை எங்கள் வார்டில் வராது, லேபில் மட்டும் எதற்கு?

தொடங்குவதற்கு முன் இன்னும் சிலதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எது நிஜம், எதைப் பாவனை செய்யலாம், இன்றைக்கு மார்க் உண்டா இல்லையா, தப்பு செய்தால் நடுவில் நிறுத்துவீர்களா, முடிந்த பிறகு பேசுவீர்களா. இதில் பாதிக் கூச்சம் போய்விடும். மீதி, முடிந்த பிறகு நீங்கள் கேட்கும் முதல் கேள்வியில் இருக்கிறது. "ஸ்டெரிலிட்டி போச்சு, திரும்பப் பண்ணு" என்பதற்குப் பதில், "அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்னியே, என்ன யோசிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள்.

2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. பாடத்திட்டத்தைத் திருத்தி, செமஸ்டர் முறையோடு சிமுலேஷனையும் (நிஜ நோயாளி இல்லாமல் பாவனைச் சூழலில் பழகுவது) ஆஸ்கி தேர்வையும் (மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு வேலையாகச் செய்துகாட்டும் தேர்வு) கொண்டுவந்தது நல்ல காரியம். அதற்காகக் கல்லூரிகள் விலை உயர்ந்த மேனிகின் வாங்குகின்றன. சில இடங்களில் அது இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே வருகிறது என்று பிள்ளைகள் சொல்லக் கேட்கிறேன். அமெரிக்காவில் 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சியில் வித்தியாசமில்லை என்று வந்தது. இதை நிர்வாகங்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் அதற்கென்று பயிற்சி எடுத்த ஆசிரியர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்து, முடிந்ததும் முறையாக உட்கார்ந்து பேசிய இடங்களில் வந்த முடிவு அது. மேனிகினுக்குக் காசு கேட்கும்போது, அந்தப் பயிற்சிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கட்டிலில் இருக்கும் பொம்மைக்கு ஒரு பேர், வயசு, ஊர், கூட இருக்கும் சொந்தம் எல்லாம் நீங்களே முடிவு பண்ணிக்கொண்டு உள்ளே போங்கள். 'மாரியம்மாள், 62, சர்க்கரை, மகள் வெளியே சாப்பாடு வாங்கப் போயிருக்கிறாள்.' பேச்சு தானாக வரும்.

ஸ்கிரீனுக்குப் பின்னால் பேச ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், எனக்கு ஆஃப் இருக்கும் நாளில் வருகிறேன். பாட்டி குரல் எனக்கு நன்றாகவே வரும். ஒரு வாரம் முன்னாடி தெரிந்தால் போதும், எங்கள் இன்சார்ஜிடம் கேட்டு டியூட்டியை மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்