பேனாவை மூடிவைத்தவர்

சார்,

பள்ளிச் சீர்திருத்தத்துக்காக நீங்கள் ஆசிரியர்களைக் கூட்டிய அந்தக் கூட்டம் நடந்து நாளையோடு ஒரு வருடம். நீங்கள் இப்போது கூப்பிடும் புதிய சீர்திருத்தக் குழுவுக்கு நான் வரவில்லை. பலரும் படிக்கும் இடம் என்பதால் எந்தப் பள்ளியின் பெயரையும் தொடமாட்டேன்.

அந்தக் கூட்டத்தில் பட்டியல் காட்டிய திரைதான் கண்ணில் நிற்கிறது. தேர்ச்சி விகிதம், பக்கத்தில் ஆசிரியர் பெயர், கடைசிப் பத்துப் பேர் சிவப்பில். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவது வரிசையில் அந்த மூத்த ஆசிரியை பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். 25 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் தவறினாலே 8 சதவீதம் இறங்கிவிடும். அவரோ பின்தங்கிய பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்! பட்டியல் போட்டவன் நான். பெயர்களை எடுத்துவிடலாம் என்று சொல்லாதது என் தப்பு, மன்னியுங்கள். ஆனால் முந்தின நாள் இரவு பதினோரு மணிக்குக் கேட்டால் யாருக்கு சார் யோசிக்கத் தோன்றும்?

கூட்டம் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்பே, ஒவ்வொரு பள்ளியிலும் மற்றவர்கள் யார் பேச்சைக் கேட்பார்களோ அந்த இரண்டு மூன்று பேரிடம் தனியாக அரைமணி நேரம் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது தலைமையாசிரியராக இருக்காது. ஒரே கேள்வி போதும்: “எதை நிறுத்தினால் இதற்கு நேரம் கிடைக்கும்?” ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் செயலியிலும் இரண்டு முறை ஏற்றுவதைச் சொல்வார்கள். அதை நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் புதிய வேலையைக் கேட்கலாம். கூடிப் பேச வாரம் ஒரு பாடவேளை கால அட்டவணைக்குள்ளேயே வேண்டும். மணி அடித்த பிறகு என்றால் மூன்றாம் வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். ஆசிரியர் சங்கத்துக்குத் திட்ட வரைவைக் காட்டும்போது, மாற்ற இடமிருக்கும் வரைவாகக் காட்டுங்கள்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆசிரியர்களுக்கான புதிய ஊதிய முறையை 1999 முதல் சில பள்ளிகளில் சோதித்த பிறகுதான், 2004இல் ஆசிரியர்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஜெயித்தது. அப்படியும் 2019இல் வேலைநிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் கைக்கு எவ்வளவு வரும் என்று ஆசிரியர்களால் கணக்குப் போட முடியவில்லை என்பது முக்கியக் குறை. நீங்கள் ஆறு வாரத்தில் முடிக்கப் பார்த்தீர்கள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை கேட்ட அதிகாரி உங்களைத் தவிர எனக்குத் தெரிந்து யாருமில்லை. அதே வாயால்தானே “பிடிக்காதவர்கள் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம்” என்றீர்கள்?

அந்த ஆசிரியை இந்த வருடமும் அதே பிரிவைத்தான் எடுக்கிறார். முதலில் அவரிடம் போங்கள், தனியாக. நான் கூட வந்தால் பேசமாட்டார். பட்டியல் யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.