நாலு மணித் தேத்தண்ணிக்கு வன்னியிலயும் ஒரு மேசை போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நுவரெலியா கிராண்ட் ஹோட்டலில பின்னேரத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனாங்கள் எண்டு சொன்னா இஞ்ச சனம் முதல் கேக்கிறது எவ்வளவு முடிஞ்சது எண்டுதான், அடுத்தது "வெறும் தேத்தண்ணிக்கோ?" எண்டு. ஓம், தேத்தண்ணிக்குத்தான். லண்டனால வந்த தம்பி குடுத்த காசு, ஆனா நான் குடுத்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டன்.

இந்தப் பழக்கம் தொடங்கின கதை இது: 1840 அளவில இங்கிலாந்தில பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா எண்டவ, ராச்சாப்பாடு எட்டு மணிவரைக்கும் பிந்துறதால பசி பொறுக்கேலாமல் பின்னேரத்தில அறைக்குத் தேத்தண்ணியும் பாணும் பட்டரும் எடுப்பிச்சவவாம், பிறகு சிநேகிதிமாரையும் கூப்பிட்டு அது அப்பிடியே பெரிய இடத்து வழக்கமாப் போச்சுதாம். எங்கட வீடுகளில நாலு மணிக்கு வாற அதே பசிதான், அவையள் அதுக்கு வெள்ளித் தட்டு வச்சிட்டினம்.

மூண்டடுக்குத் தட்டு வரும், கீழ இருந்து மேல சாப்பிட்டுப் போறது முறை. கீழ கரை வெட்டின சான்விச், வெள்ளரிக்காய் வச்சது, அதில பட்டர் பூசுறது ருசிக்கு மட்டுமில்லையாம், வெள்ளரித் தண்ணி ஊறிப் பாண் சொதசொதக்காமல் இருக்கவுந்தானாம். நடுவில ஸ்கோன், அது பணிஸும் இல்லை கேக்கும் இல்லை, சூட்டோட கையால ரெண்டாப் பிளந்து கிரீமும் ஜாமும் பூசவேணும். டெவன்காரர் கிரீமைத்தான் முதல் பூசுவினமாம், கோர்ன்வோல்காரர் ஜாமைத்தானாம், தேர் வடம் ஆர் முதல் பிடிக்கிறது எண்டு எங்கட ஊரில புடுங்குப்படுற மாதிரி அங்க அதுக்குப் புடுங்குப்பாடாம். மேல்தட்டுக் கேக் பார்க்க வடிவு, சீனி கூட, அதை விடுங்கோ.

நான் எழுத வந்தது தேத்தண்ணியைப் பற்றி. ரீ பொட்டுக்குள்ள இலையைப் போட்டு, கொதிச்ச கையோட தண்ணியை விட்டு, மூடி வச்சு நாலு நிமிசம் அளவில பொறுத்துத்தான் ஊத்தினவை. நிறத்தைப் பார்த்திட்டு என்ன சாயமே இல்லை எண்டு நான் முகத்தைச் சுழிக்க, அம்மா சொன்னா ஆறாயிரம் அடிக்கு மேல வளருற கொழுந்து அப்பிடித்தான், குளிருக்கு மெல்ல மெல்ல வளரும், நிறம் குறைவு மணம் கூட, பாலை ஊத்திக் கெடுத்துப்போடாத எண்டு. அவவுக்குத் தெரியாதோ, தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில பிறந்து கொழுந்தெடுத்துப்போட்டு 1977 இனக் கலவரத்தோட கிளிநொச்சிக்கு வந்தவ. தோட்டத்தில இருக்கேக்க வீட்டில குடிச்சது தூள்தானாம், நல்ல இலை கப்பலேறிப் போயிடும். தேத்தண்ணி கொண்டுவந்த ஹோட்டல் பெடியன் அவவை மேடம் எண்டு கூப்பிட, ஆரைக் கூப்பிடுறான் எண்டு திரும்பிப் பார்க்கிறா!

வெள்ளைக்காரன்ர ஆடம்பரம் எங்களுக்கேன் எண்டு கேக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லோணும். ஜேம்ஸ் டெய்லர் எண்ட வெள்ளைக்காரர் 1867 இல கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில 19 ஏக்கரில தேயிலை போட்டார், பிறகு கோப்பியை நோய் அழிக்க மலை முழுக்கத் தேயிலையாச்சு, அதை நட்டு வளர்த்துக் கிள்ளினது ஆர்? மலையகத் தமிழ்ச் சனந்தானே. அந்தச் சனத்தின்ர பிள்ளையள் பேரப்பிள்ளையள் வன்னியில எத்தினை ஊரில இருக்கினம், அந்தக் கதிரையில போய் இருக்க எங்களுக்கென்ன வெக்கம்.

இனி எங்கட பக்கத்துக்கு வாறன். ஏ9 ரோட்டுக் கடையளில குடிக்கிறது தூள் தேயிலை, பொடியா இருக்கிறதால சாயம் கெதியா இறங்கும், கொஞ்சத்தில கன கோப்பை போடலாம், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு கச்சானோட நிண்டபடி குடிச்சிட்டு ஓடுற ஆளுக்கு அது போதும், அதில நான் பிழை சொல்லேல்லை. ஆனா கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் இப்ப ஏசி போட்ட ஹோட்டல் எத்தினை வந்திட்டுது, மத்தியானம் புரியாணி முடிஞ்சா இரவு கொத்துவரைக்கும் அந்த மேசையள் சும்மாதானே கிடக்கு. சனி ஞாயிறிலயாவது நாலு மணிக்கு மூடின ரீ பொட்டில நல்ல இலைத் தேத்தண்ணி குடுத்தா என்ன? அதுக்காக நுவரெலியாவை அப்பிடியே கொப்பி அடிக்கத் தேவையில்லை. ஸ்கோனைச் சுடுங்கோ, ஆனா கிரீமுக்குப் பதிலா எருமைத்தயிர் ஏட்டை வையுங்கோ, ஜாமுக்கு எங்கட காட்டு விளாம்பழம் இருக்கு, சான்விச்சுக்குப் பக்கத்தில பருத்தித்துறை வடை, சீனிக்குப் பதிலா பனங்கட்டித் துண்டு. ஒண்டு மட்டும், நூல் கட்டின தேயிலைப் பையை வெந்நீர்க் கோப்பைக்குள்ள போட்டுக் கொண்டுவந்து நீட்டாதேங்கோ, அதுக்கு நாங்கள் வீட்டிலயே குடிப்பம். விலையும் எங்கட சனம் குடும்பமா வந்து குடுக்கக்கூடிய விலையா இருக்கோணும்.

ஆராவது தொடங்கினா உங்கட பேப்பரில ஒரு விளம்பரம் போடச்சொல்லுங்கோ, முதல் சனிக்கிழமை எங்கட வீட்டால நாலு பேர் வருவம், அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, மாடிப்படி இல்லாத இடமா இருந்தா நல்லம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளிநொச்சி