பூனைக்குட்டியும் காவல் நாயும்: அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனைக்குட்டியைக் கொண்டுவருபவர்கள், முதல் நாளே இரண்டையும் மூக்கோடு மூக்கு வைத்துப் பழக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் காவல் நாய் மணிக்கு 6 வயது. வாசலில் நிழல் விழுந்தாலே உறுமுவான். அதனால் குட்டியைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். அது படுத்த துணியை மணியிடமும், அவன் துணியைக் குட்டியிடமும் போட்டோம். நாய்க்கு முதல் அறிமுகம் மோப்பத்தில்தான். கதவிடுக்கை முகர்ந்துவிட்டு அவன் தானாக விலகிப் போக 10 நாள் ஆயிற்று. அதன் பிறகே அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு குட்டியைத் தூரத்திலிருந்து காட்டினோம்.

வால் ஆடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். உடம்பு விறைத்து, குட்டியையே வெறித்துப் பார்த்தால் உடனே அப்பால் அழைத்துப் போங்கள். திட்டவும் கூடாது, குட்டி வந்தாலே வசவுதான் என்று அவன் மனதில் பதிந்துவிடும், பாவம். குட்டி ஏறி உட்கார, நாய்க்கு எட்டாத தட்டு ஒன்று எப்போதும் காலியாக இருக்கட்டும்.

3 மாதமாகிறது. இன்றும் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் இரண்டையும் தனித்தனியேதான் வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி